படுக்கையில் இருக்கும் மூத்தவருக்குக் கொடுமை நடக்கிறதோ என்ற சந்தேகம்: யாரிடம், எப்படிச் சொல்வது?

தளிர்நடை (கேள்வி)

வணக்கம். வீட்டுக்கே போய் இயன்முறைச் சிகிச்சை தருகிறேன். செவிலியர், வக்கீல்கள், சமூகப் பணியாளர்கள் எல்லாம் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

நோயாளி 74 வயது அம்மா. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பெரும்பாலும் போய்விட்டது. "ஆமா", "இல்ல", அதற்கு மேல் நாலைந்து சொற்கள் வரும். நாம் சொல்வது புரிகிறது என்றே தோன்றுகிறது. இருப்பது அவருடைய அண்ணன் மகன் வீட்டில். வாரம் இருமுறை வருகை.

சமீப வாரங்களில் கண்ணில் பட்டவை: வலது குதிகாலில் ஊதா நிறக் கொப்புளம். வால் எலும்புக்கு மேலே தோல் உரிந்த புண். இரண்டு மேற்கைகளின் உட்புறத்திலும் விரல் பதிந்தாற்போல நீலத் தடங்கள். இடது மணிக்கட்டைச் சுற்றி, துணியால் கட்டினால் வருவதுபோல ஒரு வரி. இடது கைதான் அவருக்கு வேலை செய்யும் கை. பல்செட் நிற்காமல் நழுவுகிறது, உடம்பு இளைத்திருக்கிறது. கடைசி வருகையில் இடது கட்டைவிரலில் ஊதா மை. அண்ணன் மகனோ அவர் மனைவியோ அறையை விட்டு நகர்வதே இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஓடுகிறது, ஆகவே தடங்களுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

கேட்க நினைப்பது: புகார் சொல்ல இது போதுமா, இன்னும் ஆதாரம் சேர்க்கவேண்டுமா? யாரிடம் சொல்வது? முதலில் அண்ணன் மகனிடமே கேட்டுப் பார்ப்பது முறையா? சந்தேகம் தப்பாகிப்போனால்? அனுப்பும் நிறுவனத்தில் சொன்னதற்கு "குடும்ப விஷயம், தலையிட வேண்டாம்" என்கிறார்கள்.

வெண்பஞ்சு (புண் பராமரிப்புச் செவிலி)

அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். சந்தேகத்தை எழுதும்போது எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது இதில்தான் தெளியும்.

குதிகால் கொப்புளம்தான் முதல் அவசரம். தெளிந்த நீர் உள்ள கொப்புளம் என்றால் அழுத்தப் புண்ணின் இரண்டாம் நிலை. ஊதாவாக, ரத்தம் தேங்கினாற்போல இருந்தால் அது ஆழ்திசுக் காயம். மேலே தோல் பிரியாமல் இருக்கும், அடியில் தசை செத்துக்கொண்டிருக்கும். அழுத்தம் விழுந்து 48 முதல் 72 மணி நேரம் கழித்துத்தான் இது வெளியே தெரியும். எனவே பார்த்த நாளில் நடந்ததைப் பற்றி அது சொல்வதில்லை, அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு அந்தக் கால் அசையாமல் ஒரே இடத்தில் கிடந்தது என்று சொல்கிறது. அந்தத் தேதியையும் குறிப்பில் எழுதுங்கள். இப்போதைக்குக் கெண்டைக்காலின் கீழ் நீளவாக்கில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள்.

வால் எலும்புப் புண்ணில் மேல்தோல் மட்டும் உரிந்து இளஞ்சிவப்பாக இருந்தால் இரண்டாம் நிலை. கொழுப்பு தெரிந்தால் மூன்று, தசையோ எலும்போ தெரிந்தால் நான்கு. ஆனால் டயப்பர் ஈரத்திலேயே கிடந்து வரும் தோலரிப்பும் அதே இடத்தில்தான் வரும். அழுத்தப் புண் எலும்பு மேட்டின் மேல் குவிந்திருக்கும். ஈரத்தால் வருவது பரவலாக, விளிம்பு தெளியாமல், பிட்டப் பிளவுக்குள்ளும் ஓடும். இரண்டுமே பராமரிப்புக் குறைவைக் காட்டலாம், ஆனால் காரணம் வேறு வேறு. கருத்த தோலில் முதல் நிலைச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. புறங்கையை வைத்துப் பார்த்தால் சுற்றியுள்ள தோலை விடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

ஒன்றை மறக்கக்கூடாது. நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டிலும் புண் வரும். அதனால் "புண் இருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டுகிறார்கள் (படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதுதான் பொதுவாகச் சொல்லிக்கொடுப்பது), புண்ணை எந்த மருத்துவரிடம் காட்டினார்கள், அவர் சொன்னதை வாங்கி வைத்திருக்கிறார்களா. புண்ணில் கட்டே இல்லை, மருந்து வீட்டில் இல்லை, காட்டச் சொல்லியும் காட்டவில்லை என்றால், அதைக் கவனிப்பாரற்ற நிலை என்று எழுதலாம்.

நீலத் தடங்கள்: நிறத்தை வைத்து "இது மூன்று நாள் பழசு" என்று யாரும் எழுதவேண்டாம். வயதானவர்களின் காயத்தடங்களை நாள்தோறும் கவனித்து 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தற்செயலாக வந்தவற்றில் ஏறக்குறைய 90 சதவீதம் கை கால்களில்தான் இருந்தன. கழுத்து, காது, பிறப்புறுப்பு, பிட்டம், உள்ளங்கால் ஆகியவற்றில் ஒன்றுகூட இல்லை. நிறம் மாறும் வரிசையோ ஆளுக்கு ஆள் வேறுபட்டது. இரண்டு மேற்கைகளின் உட்புறத்திலும் விரல் அளவில் தடம் என்றால் இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். ஆத்திரத்தில் உலுக்கினாலும் வரும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கத் தெரியாமல் தூக்கினாலும் வரும், ரத்தம் உறையா மாத்திரை இருந்தால் இன்னும் எளிதாக வரும். எது என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல.

மணிக்கட்டு வரி எனக்கு அதிகம் கவலை தருகிறது. சுற்றிவர ஒரே அகலத்தில் ஓடும் தடத்தை எந்த மாத்திரையும் உண்டாக்காது. வேலை செய்யும் ஒரே கையைக் கட்டினால் தண்ணீர்க் குவளை எட்டாது, ஈயை ஓட்ட முடியாது, கூப்பிட மணி அடிக்க முடியாது. "டயப்பரைப் பிடுங்குகிறார்" என்று காரணம் சொல்வார்கள். அரிப்பு, ஈரம், வலி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதற்கு வழி.

எடை: மாதத்தில் 5 சதவீதம், அல்லது ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் யாராக இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டிய அளவு. நிற்க வைத்து எடை பார்க்க முடியாவிட்டால் இடது மேற்கையின் நடுச்சுற்றளவை டேப்பால் அளந்து ஒவ்வொரு வருகையிலும் குறியுங்கள். இயன்முறைச் சிகிச்சையில் அளப்பது வழக்கம்தான், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். விழுங்குவதில் சிரமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அது சகஜம், ஊட்டினாலும் உள்ளே போகாது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கத் தோலைக் கிள்ளாதீர்கள், முதியவர்களிடம் அது ஏமாற்றும். நாக்கு உலர்ந்திருக்கிறதா, சிறுநீர் அடர்நிறமா, புதிதாகக் குழப்பமோ அளவுமீறிய தூக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிரு நாளில் திடீரென்று வந்த குழப்பம் என்றால் புகாருக்கெல்லாம் முன்னால் மருத்துவமனை.

ஆலமரத்தடி

எல்லாரும் நேரே புகார் என்கிறீர்கள். முதலில் அந்தப் பையனிடம் உட்கார்ந்து பேசினால் என்ன? ராத்திரி பகலாகப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருக்கலாம். புகார் என்று போனால் குடும்பமே உடையும்.

நிழற்குடை (சமூகப் பணி)

ஐயா, சலிப்பு என்பது உண்மையான காரணம்தான். தூக்கமில்லாமல், மாற்று ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்பவர்களிடம் கை ஓங்குவது நடக்கிறது. புகார் போனால் அந்தக் குடும்பத்துக்கு மாற்று ஆளும், பயிற்சியும், காற்று மெத்தையும் கிடைக்க வழி பிறக்கலாம். ஆனால் "உட்கார்ந்து பேசுவது" இந்த நிலையில் ஆபத்து. இங்கே சந்தேகத்துக்குரியவர்தான் கதவைத் திறந்துவிடுபவர். நாம் சந்தேகப்படுகிறோம் என்று தெரிந்த மறுநாளே சிகிச்சையாளரை மாற்றுவார்கள் அல்லது நிறுத்துவார்கள். கட்டிய துணி மறையும், தடம் ஆறும்வரை யாருக்கும் அனுமதி இருக்காது. அந்த அம்மாவை வெளியுலகத்தோடு இணைக்கும் ஒரே ஆள் தளிர்நடைதான் என்றால், அந்த வருகை நிற்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. புரட்டிப் போடுவது, தூக்குவது எப்படி என்று வழக்கம்போலச் சொல்லிக்கொடுக்கலாம். "ஏன் கட்டினீர்கள்" என்று விசாரிக்கக்கூடாது. விசாரிப்பது அதற்கென்று இருப்பவர்களின் வேலை.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நியாயமான சந்தேகம் போதும், நிரூபிக்கும் சுமை உங்களுக்கு இல்லை. நீங்கள் எழுதியதில் பாதி இருந்தாலே நான் தொலைபேசியை எடுத்துவிடுவேன். ஆதாரம் சேர்க்கிறேன் என்று நாளைக் கடத்தினால் புண் ஆழமாகும், அவ்வளவுதான்.

தனியாகப் பேச: கதவைச் சாத்தச் சொல்லிச் சண்டை வேண்டாம். உடையை விலக்கிச் செய்யும் பயிற்சி, டயப்பர் மாற்றும்போது இடுப்புத் தசைச் சோதனை என்று தொழில்சார்ந்த காரணம் சொன்னால் பெரும்பாலும் வெளியே நிற்பார்கள். அப்போதும் நகராவிட்டால், அதையும் எழுதுங்கள்: "கேட்டும் அறையை விட்டுச் செல்லவில்லை, தேதி, நேரம்."

கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் எப்படிக் கேட்பது? பேச்சிழந்தவர்களிடம் "ஆமா", "இல்ல" இரண்டும் இடம் மாறி விழும். அதனால் முதலில் விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: "இப்ப ராத்திரியா?" "நான் உங்களுக்குப் பயிற்சி கொடுக்க வர்றவங்களா?" சரியாக வருகிறது என்றால் மேலே போகலாம். வராவிட்டால் விரல் காட்டும் படம், கட்டைவிரல் மேலே கீழே, கண் சிமிட்டல் என்று எது நிலையாக வருகிறதோ அது. பிறகு திறந்த கேள்விக்குப் பக்கமாக இருக்கும் கேள்விகள்: "இங்க இருக்கிறது உங்களுக்குப் பரவாயில்லையா?" "வலிக்குதா? எங்கே, காட்டுங்க." "அவன் அடிச்சானா?" என்று பெயரை வாயில் போடாதீர்கள். பின்னால் விசாரணையில் அந்தப் பதில் செல்லாமல் போகும். ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேளுங்கள்: "பயமா இருக்கா?" என்றதற்கு ஆமா என்றால், சற்றுக் கழித்து "நிம்மதியா இருக்கா?" என்பதற்கு இல்லை என்று வரவேண்டும்.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யவே கூடாது. "உங்களுக்கு உதவக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன், ஊரெல்லாம் சொல்லமாட்டேன்" என்பதுவரை சொல்லலாம்.

பாலியல் தொல்லை நடந்த சந்தேகம் என்றால் வழியே வேறு. குளிப்பாட்டக்கூடாது, உடை மாற்றக்கூடாது. மாற்றியே ஆகவேண்டும் என்றால் உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் போடவேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கித் தடயம் கெடும். அன்றே மருத்துவமனை, காவல்துறை.

சாட்சிக்கூண்டு (வழக்கறிஞர்)

யாரிடம் சொல்வது என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கே படிப்பவர்கள் பல நாடுகளில் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் எங்கும் அவசர எண்தான், மற்றதெல்லாம் பிறகு.

இந்தியாவில் அவசரத்துக்கு 112. முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. 60 வயது தாண்டியவர்களுக்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் உண்டு. பராமரிக்கும் பொறுப்பில் இருந்துகொண்டு கைவிடுவது அதன் 24ஆம் பிரிவில் குற்றம். ஆனால் இந்த வழக்கில் பலர் மறந்துவிடும் சட்டம் இன்னொன்று இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பக்கவாதத்தில் நிரந்தரமாகச் செயலிழந்தவர் அதன் வரம்புக்குள் வருவார். 7ஆம் பிரிவின்படி, கொடுமையோ சுரண்டலோ நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும் உள்ளூர் நிர்வாக நடுவரிடம் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) தகவல் தரலாம். உறவினராக இருக்கவேண்டியதில்லை. மீட்கவும் பாதுகாப்பான இடத்தில் வைக்கவும் அவர் உத்தரவிட முடியும். பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே உணவோ தண்ணீரோ மறுப்பது 92ஆம் பிரிவில் தண்டனைக்குரியது.

இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், அதன் கீழ் முதியோருக்கான தேசிய சபை. அவசரத்துக்குக் காவல்துறை 119. சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டின் எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்கள் சட்டப்படி அதிகாரிகள் வீட்டுக்குள் நுழைந்து நிலைமையை மதிப்பிடவே அதிகாரம் உண்டு. தேசிய வன்முறைத் தடுப்பு உதவி எண் 1800 777 0000. மலேசியாவில் தாலியான் காசே என்ற உதவி எண் 15999. இங்கிலாந்தில் உள்ளூர் கவுன்சிலின் பெரியவர் சமூகநலப் பிரிவு: 2014 பராமரிப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, நியாயமான சந்தேகம் எழுந்தால் அவர்கள் விசாரித்தே ஆகவேண்டும். அமெரிக்காவில் மாநிலம்தோறும் பெரியவர் பாதுகாப்புச் சேவை இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் மருத்துவப் பணியாளர் புகார் செய்வது கட்டாயம், செய்யாமல் இருப்பதுதான் குற்றம்.

நிறுவனத்தின் "தலையிட வேண்டாம்" பற்றி: மேலாளரிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. அது உள்தகவல், புகார் அல்ல. வாயால் சொன்னதை மின்னஞ்சலாக மறுபடி அனுப்புங்கள், இரண்டு வரி போதும்: இன்ன தேதியில் இன்னதைத் தெரிவித்தேன், இன்ன பதில் கிடைத்தது, நான் உரிய அமைப்புக்கு நேரடியாகத் தெரிவிக்கிறேன். அதற்குப் பிறகு உங்களைப் பழிவாங்கினால் அந்த மின்னஞ்சல் சான்றாக நிற்கும். நல்லெண்ணத்தோடு சொன்ன சந்தேகம் தவறாகிப்போனால் பல நாட்டுச் சட்டங்கள் சொன்னவரைப் பாதுகாக்கின்றன. பாதுகாக்காதது, பொய் என்று தெரிந்தே சொன்னதை. இங்கே நல்லெண்ணம் என்றால் பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது.

குறிப்புகள்: அன்றன்றே, தேதி நேரத்தோடு, பேனாவால். பார்த்தது, கேட்டது, நினைத்தது மூன்றையும் தனித்தனியாக. யாராவது ஏதாவது சொன்னால் அவர்கள் சொற்களையே மேற்கோளில். தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்து. வெள்ளை மை பூசினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். படம் எடுப்பதென்றால் அந்த அம்மாவின் சம்மதத்தோடு: ஒரு படம் தள்ளி நின்று, உடலின் எந்த இடம் என்று தெரியும்படி. இன்னொன்று பக்கத்தில், அளவுகோல் வைத்து. மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேர விவரம் போய்விடும், போகக்கூடாத கைகளுக்கும் போய்ச்சேரும். சம்மதம் தராவிட்டால் உடல் வரைபடத்தில் குறித்து, சென்டிமீட்டரில் அளவு எழுதினால் போதும். மறைகேமரா வைப்பது, அலமாரியைத் திறப்பது எதுவும் வேண்டாம்.

வட்டிக்கணக்கு (வங்கிப் பணி)

கட்டைவிரல் மை பற்றி மட்டும். மை என்றாலே மோசடி அல்ல. ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்று, வங்கிப் படிவம், காப்பீடு எதற்கும் கைநாட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் படித்துப் பார்க்கவும் பேசவும் முடியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொன்னது யார், சாட்சி யார் என்ற கேள்விகளுக்கு விடை இருக்கவேண்டும்.

கவனிக்க வேண்டியவை: கணக்கில் புதிதாகச் சேர்ந்த கூட்டுப்பெயர், மாறிய கைபேசி எண் (ஒருமுறைக் கடவுச்சொல் வேறு ஆளுக்குப் போகிறது என்று பொருள்), முதிர்வுக்கு முன்பே உடைத்த வைப்பு, புதிதாகக் கொடுத்த அதிகாரப் பத்திரம், திருத்திய உயில். இதையெல்லாம் தளிர்நடை தேட முடியாது, தேடவும் கூடாது. நீங்கள் வங்கியைக் கூப்பிட்டால் வாடிக்கையாளர் விவரம் எதையும் அவர்கள் சொல்லமாட்டார்கள். ஆனால் "இந்த வாடிக்கையாளர் சுரண்டப்படலாம் என்று சந்தேகம்" என்ற தகவலை வாங்கிக்கொள்வார்கள். அதை எழுத்தில், கிளை மேலாளர் பெயருக்குக் கொடுங்கள். புகாரில் மையைப் பார்த்த தேதியைத் தவறாமல் சேருங்கள். அந்தத் தேதியைச் சுற்றிப் பதிவான பத்திரங்களைப் பதிவு அலுவலகத்தில் எடுத்துப் பார்ப்பது விசாரிப்பவர்களுக்கு அரை நாள் வேலை. சொத்து மூன்றாம் ஆளுக்கு விற்பனையானபின் திருப்புவது பல வருட வேலை.

தளிர்நடை

நன்றி. இன்று ஐந்து நிமிடம் தனியாகக் கிடைத்தது. சோதனைக் கேள்விகளுக்குச் சரியான விடை வந்தது. பயமாக இருக்கிறதா என்றதற்கு ஆமா. திருப்பிக் கேட்டபோதும் பொருந்தியது. ஆனால் "வெளியே சொல்லட்டுமா" என்றதற்கு இரண்டு முறையும் "இல்ல". இப்போது அவர் விருப்பத்தை மீறலாமா?

நரம்புமுடிச்சு (முதியோர் மருத்துவம்)

இந்தத் துறையிலேயே கடினமான கேள்வி இது.

முடிவெடுக்கும் திறன் முழுதாக உண்டு, முழுதாக இல்லை என்று இரண்டாகப் பிரிவதில்லை. ஒவ்வொரு முடிவுக்கும், ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனியே பார்க்கவேண்டும். என்ன உடுத்துவது என்று சொல்லத் தெரிந்தவருக்கு வீட்டை எழுதிக்கொடுப்பதன் விளைவு புரியாமல் இருக்கலாம். புரிகிறதா, அதை மனதில் வைத்திருக்க முடிகிறதா, நல்லது கெட்டதை எடைபோட முடிகிறதா, ஏதோ ஒரு வழியில் முடிவைத் தெரிவிக்க முடிகிறதா: இந்த நான்கையும் பார்க்கவேண்டும். பேச்சு இல்லை என்பதால் திறன் இல்லை என்று யாராவது எழுதினால் அது தவறு. நமக்குப் பிடிக்காத முடிவை எடுப்பதும் திறனின்மைக்குச் சான்று அல்ல.

ஆகவே அவர் "இல்ல" என்றதை மதிக்கவேண்டும் என்பதுதான் தொடக்கப்புள்ளி. அதற்குமேல் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அந்த "இல்ல" யாருடையது? பயமாக இருக்கிறது என்று அவரே சொன்ன வீட்டில், பயமுறுத்துபவர் அடுத்த அறையில் இருக்கும்போது வந்த மறுப்பு அது. திறன் இருந்தும் மிரட்டலுக்கு அடியில் எடுக்கும் முடிவு சுதந்திரமான முடிவு ஆகாது. இரண்டு, ஆபத்தின் அளவு. ஆழ்திசுக் காயம், குறையும் எடை, கட்டும் கை மூன்றும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்தை நெருங்கும் நிலை. உயிராபத்து, மிரட்டல், திறனில் ஐயம், வேறு எளியவர்களுக்கும் ஆபத்து, இவற்றில் ஒன்று இருந்தாலே பெரும்பாலான நடைமுறைகள் சம்மதமில்லாமல் தகவல் தர அனுமதிக்கின்றன. உங்கள் பகுதியில் தகவல் கொடுப்பது கட்டாயம் என்றால் இந்த யோசனைக்கே இடமில்லை.

அவர் மறுத்ததை மறைக்காமல் புகாரிலேயே எழுதுங்கள். "தகவல் தர வேண்டாம் என்று சைகையால் தெரிவித்தார். ஆனாலும் இன்ன காரணத்தால் தெரிவிக்கிறேன்." வருபவர்கள் எப்படி அணுகவேண்டும் என்பதே இதனால் மாறும். தனியாகக் கேட்பார்கள், பேச்சுப் பயிற்சியாளரை அழைத்து வருவார்கள். அவரிடமும் சொல்லிவிடுவது நேர்மை, பாதுகாப்பாகச் சொல்ல முடிந்தால் மட்டும். எதற்குப் பயப்படுகிறார் என்பதையும் கேட்டுப் பாருங்கள். தூக்கி எங்காவது முதியோர் இல்லத்தில் போட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் பல "இல்ல"க்களுக்குப் பின்னால் இருக்கும். வீட்டை விட்டு அகற்றாமலே பாதுகாக்க வழி உண்டு என்று தெரிந்தால் விடை மாறலாம்.

தூக்க மாத்திரையையும் பாருங்கள். எழுதிக்கொடுக்காத மயக்க மருந்து கொடுத்துக் கிடத்துவதும் கட்டிவைப்பதுதான். மேசையில் இருக்கும் பட்டையில் எத்தனை காலி என்பது பார்வையில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

தளிர்நடை

நாளை காலை அழைக்கிறேன். கையோடு எழுத்திலும் கொடுக்க ஒரு வரைவு:

"எங்கள் நோயாளியை அவருடைய அண்ணன் மகன் பல மாதங்களாகக் கொடுமைப்படுத்தி வருகிறார். பட்டினி போடுகிறார். கையைக் கட்டி வைக்கிறார். மிரட்டிச் சொத்தை எழுதி வாங்கிவிட்டார். உடனே நடவடிக்கை எடுக்கவும்."

சாட்சிக்கூண்டு

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இந்த ஐந்து வரியில் நீங்கள் கண்ணால் பார்த்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் முடிவுகள். "பட்டினி போடவில்லை" என்று அவர் பதில் சொன்னால் அதோடு நின்றுவிடும். முடிவை நீக்கிவிட்டுக் காட்சியை வையுங்கள்.

"பட்டினி" என்பதற்குப் பதில்: மேற்கைச் சுற்றளவின் முதல் அளவு, கடைசி அளவு, தேதிகள், பல்செட் நழுவுகிறது, நாக்கு உலர்ந்திருந்தது. "கட்டி வைக்கிறார்" என்பதற்குப் பதில்: இடது மணிக்கட்டைச் சுற்றி இத்தனை சென்டிமீட்டர் அகலத்தில் தடம், இன்ன தேதி, வீட்டார் தாமாக ஏதாவது சொல்லியிருந்தால் அது, அவர்கள் சொற்களிலேயே. கட்டியதை நேரில் பார்க்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், உங்கள் மற்ற வரிகளின் நம்பகம் கூடும். சொத்து வரியை முழுவதும் எடுத்துவிடுங்கள். "இன்ன தேதி இடது கட்டைவிரலில் ஊதா மை இருந்தது, காரணம் தெரியாது" என்பது போதும். "பல மாதங்களாக" என்பதற்கு நீங்கள் பார்க்கத் தொடங்கிய தேதி. ரத்தம் உறையா மாத்திரையையும் மறைக்காதீர்கள்.

விட்டுப்போனவை: அவருடைய பெயர், வயது, முகவரி, வீட்டுக்குள் எப்படிப் போவது. அவரால் எதைத் தானே செய்ய முடியாது. எப்படிப் பேசுவது, எந்த சைகை நம்பகமாக வருகிறது. வீட்டில் வேறு யார் யார், குழந்தைகளோ இன்னொரு முதியவரோ உண்டா. அண்ணன் மகன் வீட்டில் இல்லாத நேரம். நாய், ஆயுதம் போல வருபவருக்கு ஆபத்தான ஏதாவது. உங்கள் பெயரை வீட்டாரிடம் சொல்லக்கூடாது என்ற வேண்டுகோள். இதில் ஒரு எச்சரிக்கை: ஊதா மை, இடுப்புப் புண் இரண்டையும் பார்த்திருக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் பெயர் போடாவிட்டாலும் ஊகித்துவிடுவார்கள். அதை அழைப்பை எடுப்பவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். முதல் வருகையை வழக்கமான மருத்துவச் சோதனை என்ற பெயரில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

"உடனே நடவடிக்கை" என்பது யாருக்கும் ஒன்றும் சொல்வதில்லை. கேட்பதைக் கேளுங்கள்: "24 மணி நேரத்துக்குள் மருத்துவர் ஒருவர் குதிகால், இடுப்புப் புண்களைப் பார்க்கவேண்டும். நோயாளியிடம் வீட்டார் இல்லாமல் தனியாகப் பேசவேண்டும். பேச்சிழந்தவரோடு பழக்கமுள்ளவர் உடன் வரவேண்டும்." எடுப்பவரின் பெயர், பதிவு எண், எப்போது பதில் வரும் என்ற தேதி மூன்றையும் வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள். அந்தத் தேதி தாண்டினால் அதே எண்ணைச் சொல்லி அவர்களின் மேலதிகாரிக்கு எழுதுங்கள். அதற்குள் புதிதாக எதையாவது பார்த்தால் அது தனிப் புகார், தனிப் பதிவு எண்.